உச்சா வராத முறுக்கு

கேள்வி: அக்கா, நாங்க சிங்கப்பூர்ல யீஷூன்ல இருக்கோம். எங்க ஆம்பளப் பூனை பேரு முறுக்கு, வால் நுனி முறுக்கிக்கிட்டு இருக்கும் அதான். 5 வயசு, கருத்தடை பண்ணியாச்சு. மூணு மாசத்துல ரெண்டாவது தடவையா உச்சா அடைச்சுக்கிச்சு. முதல் தடவை மண்ணு டப்பால போய் முக்கிக்கிட்டே இருந்தான், மலச்சிக்கல்னு நெனச்சு மாமியார் வெளக்கெண்ணெய் குடுத்தாங்க, அப்புறம் சூட்டுக்கு நல்லதுன்னு இளநீர் வேற. ரெண்டு தடவையும் கிளினிக்ல டியூப் போட்டுதான் எடுத்தாங்க. இப்ப டாக்டர், ஸ்பெஷலிஸ்ட் சர்ஜனுக்கு லெட்டர் தர்றேன், பி.யூ.ன்னு உச்சாக் குழாய் நுனிய வெட்டி எடுக்கிற ஆபரேஷன் பண்ணிடலாம்ங்கிறார். மாமியாரோ "அத வெட்டிட்டா பொட்டப் பூனையாயிடும், பாவம்"ங்கிறாங்க. என்ன பண்றது?

பதில்: மாமியார்கிட்ட சொல்லுங்கம்மா, முறுக்கு ஏற்கெனவே கருத்தடை ஆன பையன், ஆம்பளையா பொம்பளையாங்கிற கவலை அவனுக்குக் கிடையாது, உச்சா போனா போதும் அவனுக்கு. ஆபரேஷனுக்கு அப்புறமும் அதே முறுக்குதான், அதே திமிருதான்.

எனக்குப் பக்குனு ஆனது அந்த இளநீர்தான். உச்சா வெளிய போக வழியில்லன்னா கழிவெல்லாம் திரும்ப ரத்தத்துல ஏறும், அதுல பொட்டாசியம் ஏறுறதுதான் ஆளையே முடிச்சிரும், இதயத் துடிப்பு மெதுவாகி மெதுவாகி நின்னே போயிடும். இளநீர்ல நெறைய இருக்கிறதே அந்தப் பொட்டாசியம்தான். நம்ம வீட்ல நீர்க்கடுப்புன்னா இளநீர், பார்லித் தண்ணின்னு ஓடுவோம், மனுஷனுக்குச் சரி, ஆனா வாசல் அடைச்ச வீட்டுக்குள்ள மேல மேல தண்ணி ஊத்தினா என்ன ஆகும்? அதே மாதிரி வலிக்குதேன்னு பனடோல், அதான் பாராசிட்டமால், குடுத்துராதீங்க, ஒரே ஒரு மாத்திரையே பூனையக் கொன்னுரும். வயித்த அமுக்கி உச்சா எடுக்கவும் பாக்காதீங்க, உச்சாப் பை வெடிச்சிரும்.

நான் கிளினிக்ல நர்ஸா இருந்தப்ப இந்த மலச்சிக்கல் கதைய எத்தனை பேர்கிட்ட கேட்டிருப்பேன்னு கணக்கே இல்ல. ஒரு அங்கிள் வெள்ளிக்கிழமை பாத்துட்டு, வீக்எண்ட் சார்ஜ் அதிகம்னு திங்கக்கிழமைதான் தூக்கிட்டு வந்தார், பூனை கேரியருக்குள்ளயே சில்லுன்னு கெடந்துச்சு. அவரைத் திட்ட மனசு வரல. ஆம்பளப் பூனை திரும்பத் திரும்ப டப்பாக்குப் போகுது, முக்குது, கத்துது, கீழ நக்கிக்கிட்டே இருக்குது, ஆனா மண்ணுல ஈரக் கட்டி ஒண்ணுகூட இல்லன்னா அன்னைக்கே கிளம்பணும். வாந்தி எடுத்து சுருண்டு படுக்கிற வரைக்கும் பாத்துக்கிட்டு இருந்தா ரெண்டு மூணு நாள்ல போயிரும். ராத்திரியா இருந்தா 24 மணி நேர கிளினிக்குக்கு போன் போட்டுட்டு, செல்லப் பிராணிய ஏத்திக்கிற கிராப் பெட் கார் புக் பண்ணுங்க, சாதா டாக்ஸி அங்கிள் ஏத்த மாட்டேன்னா வாசல்ல நின்னு சண்டை போட டைம் இல்ல.

இப்ப ஆபரேஷன். ஆம்பளப் பூனைக்கு உச்சாக் குழாய் நுனிக்கு வர வர ஒடுங்கும், அந்த இடத்துல 1 மில்லிமீட்டர்கூட இருக்காது. பொடிப் பொடி கிறிஸ்டலும் சளி மாதிரி கசடும் சேர்ந்து தக்கை போட்ட மாதிரி அடைச்சிரும், இல்ல சின்னக் கல்லு மாட்டும், சில நேரம் ஒண்ணுமே இல்லாம வீங்கி இறுகியே மூடிக்கும். பி.யூ.ல அந்த ஒடுங்கின நுனிய எடுத்துட்டு, உள்ள அகலமா இருக்கிற பகுதிய வெளிய கொண்டு வந்து தோலோட தச்சு விடுவாங்க. அவ்வளவு சின்ன இடத்துல சின்ன நூல்ல தைக்கிற வேலை, சரியா வராட்டி ஆறும்போது துளை சுருங்கி திரும்ப அடைக்கும், அதை மறுபடி சரி பண்றது ரொம்பக் கஷ்டம், அதனால உங்க டாக்டர் ஸ்பெஷலிஸ்ட்கிட்ட அனுப்புறது நல்லதுக்குதான்.

ஆனா ஒண்ணு, இந்த ஆபரேஷன் குழாயத்தான் சரி பண்ணும், பைய இல்ல. கிறிஸ்டல் வரும், பை வீக்கம் வரும், ரத்தமாகூட போகும், அடைச்சு சாகுற ஆபத்துதான் ரொம்பக் குறையும். வாசல் அகலமாயிட்டதால கிருமி ஏறுற சான்ஸ் கூட, அப்பப்ப உச்சா டெஸ்ட் பண்ணணும். இதை யாரும் மொதல்லயே சொல்றதில்ல, அப்புறம் "இவ்வளவு செலவு பண்ணியும்..."னு ஒரே புலம்பல். முதல் தடவை அடைச்சப்பவே கேட்டிருந்தா நான் வேணாம்னுதான் சொல்லியிருப்பேன், சாப்பாடு தண்ணிய மாத்திப் பாக்கலாம். மூணு மாசத்துல ரெண்டு தடவைன்னா, அதுவும் சாப்பாட்ட மாத்தின பிறகும்னா, பண்ணிக்கோங்க.

சர்ஜன்கிட்ட முழுக் குழாயும் தெரியிற மாதிரி எக்ஸ்ரே எடுத்தாச்சான்னு கேளுங்க. பைல கல்லு இருந்தா அது என்ன கல்லுன்னும். ஸ்ட்ரூவைட்னா டாக்டர் எழுதித் தர்ற சாப்பாட்டுலயே கரையும், கால்சியம் ஆக்சலேட் கரையவே கரையாது, பையத் தெறந்துதான் எடுக்கணும், நுனிய மட்டும் வெட்டிட்டு கல்ல உள்ள விட்டா என்ன புண்ணியம். வீட்டுக்கு வந்ததும் 10லேர்ந்து 14 நாள் கழுத்துக் கூம்ப கழட்டவே கூடாது, பாவம்னு நெனச்சு அஞ்சு நிமிஷம் கழட்டினா போதும், தையல நக்கியே பிரிச்சிரும். மண்ணு ஒட்டும், அதனால டப்பால கிழிச்ச பேப்பர் போடுங்க. செலவுக்கு எஸ்டிமேட்ட எழுத்துல வாங்கிக்கோங்க, நம்ம மருத்துவச் சேமிப்பு மெடிசேவ்ல எடுக்க முடியாது, நம்ம கைக் காசுதான்.

கேள்வி: செங்காங்ல எச்டிபி (அரசாங்க அடுக்குமாடி) வீடு, பூனைக்கு லைசென்ஸ் இன்னும் எடுக்கல. உச்சா போக மாட்டேங்குது, கிளினிக் போனா மாட்டிப்பேனா?

பதில்: தம்பி, இதைப் படிக்கிற நேரத்துல போயிட்டு வந்துருங்க. 2024 செப்டம்பர் 1லேர்ந்து எச்டிபில 2 பூனை வரைக்கும் வச்சுக்கலாம், மைக்ரோசிப் போட்டு லைசென்ஸ் எடுக்கணும், மாறிக்க 2026 ஆகஸ்ட் 31 வரைக்கும் டைம் குடுத்தாங்க. முதல்ல பூனை, பேப்பர் வேலை அப்புறம்.

கேள்வி: அக்கா, பிஸ்கட் மாதிரி இருக்கிற டிரை ஃபுட் மட்டும் குடுத்தா உச்சா அடைக்குமா? என்னுது பொட்டப் பூனை.

பதில்: அது ஒண்ணாலயே அடைக்கும்னு சொல்ல மாட்டேன், ஆனா பூனை தானா தண்ணி குடிக்கிற ஜாதி இல்ல, டின் சாப்பாட்டுல பாதிக்கு மேல தண்ணிதான், அதைக் கலந்து குடுங்க. தண்ணிக் கிண்ணத்த சாப்பாட்டுப் பக்கத்துல வைக்காம தள்ளி வைங்க. மன உளைச்சலும் ஒரு காரணம், மேல் வீட்ல ரெனவேஷன் டிரில் சத்தம் ஆரம்பிச்சா ஒளிஞ்சுக்க ஒரு அட்டைப் பெட்டி போட்டு வைங்க. பொட்டைக்குக் குழாய் அகலம், முழுசா அடைக்கிறது அபூர்வம், ஆனா ரத்தம் கண்டாலோ சொட்டுச் சொட்டா போனாலோ காட்டிருங்க.