பீகிள் கேப்டன் ராபர்ட் ஃபிட்ஸ்ராய்: கேள்வி பதில்

கேள்வி: டார்வின் பயணம் செய்த பீகிள் கப்பலின் தலைவர் என்பதற்கு மேல் ஃபிட்ஸ்ராயைப் பற்றி எனக்கு எதுவும் தெரியாது. இளம் வயதிலேயே அப்பொறுப்பு அவருக்கு எப்படிக் கிடைத்தது?

பதில்: 1805இல் பிறந்த அவர், பன்னிரண்டு வயதில் போர்ட்ஸ்மவுத் கடற்படைக் கல்லூரியில் சேர்ந்து, பின்னர் லெப்டினன்ட் தேர்வில் முழு மதிப்பெண் பெற்றவர். தென்னமெரிக்காவின் தென்முனைக் கடற்கரையை அளந்துகொண்டிருந்த பீகிளின் கேப்டன் பிரிங்கிள் ஸ்டோக்ஸ், கடும் மனச்சோர்வுக்கு ஆளாகி 1828இல் தம் உயிரை மாய்த்துக்கொண்டதால், 23 வயது ஃபிட்ஸ்ராயிடம் கப்பல் ஒப்படைக்கப்பட்டது. கேப்டனின் தனிமை எத்தகையது என்பதை அவர் நன்கு உணர்ந்திருந்தார். 1831இல் மறுபடி புறப்பட்டபோது, தமக்குச் சமமாக அமர்ந்து உரையாடக்கூடிய, இயற்கை ஆராய்ச்சியில் நாட்டமுள்ள ஒருவரைத் தேடியதற்கு அதுவும் ஒரு காரணம். அவ்வாறு வந்து சேர்ந்தவரே டார்வின்.

கேள்வி: நியூசிலாந்து ஆளுநராக அவர் தோல்வியுற்றது உண்மையா?

பதில்: பதவி பறிபோனது உண்மை. ஆனால் 1843இல் வைராவ் என்னுமிடத்தில் நடந்த மோதலில் தவறு ஆங்கிலக் குடியேறிகளுடையது என்று தீர்ப்பளித்து, அந்நாட்டின் பூர்வகுடிகளான மாவோரி மக்கள் மீது படையெடுக்க மறுத்தாரே, அது நேர்மையான முடிவு என்றே நான் கருதுகிறேன். குடியேறிகளின் கோபமும் அரசுக் கருவூலத்தின் வறுமையும் சேர்ந்து 1845இல் அவரைத் திருப்பி அழைக்கச் செய்தன.

கேள்வி: வானிலை அறிவிப்புக்கும் அவருக்கும் என்ன தொடர்பு?

பதில்: அவருடைய வாழ்நாளின் மிகப்பெரிய பணியே அதுதான். 1854இல் கப்பல்களிடமிருந்து வானிலைக் குறிப்புகளைத் திரட்டும் சிறிய அரசு அலுவலகம் ஒன்று அவர் பொறுப்பில் தொடங்கப்பட்டது. 1859 அக்டோபரில் வேல்ஸின் ஆங்கில்சி தீவின் கரையில் ராயல் சார்ட்டர் என்ற கப்பல் புயலில் சிக்கி உடைந்து, ஏறத்தாழ 450 பேர் இறந்தார்கள். புயல் வருவதைத் தந்தி மூலம் துறைமுகங்களுக்கு முன்கூட்டியே சொல்லிவிட முடியும் என்று அவர் வாதாடி, 1861 பிப்ரவரியில் அதைச் செயல்படுத்தியும் காட்டினார். பல ஊர்களின் காற்றழுத்தமும் காற்றின் திசையும் லண்டனுக்குத் தந்தியில் வந்து சேரும். ஆபத்து தெரிந்தால் கரையோரக் கொடிமரங்களில் கூம்பு வடிவச் சின்னம் ஏற்றப்படும். கூம்பின் முனை மேல்நோக்கினால் வடக்கிலிருந்தும், கீழ்நோக்கினால் தெற்கிலிருந்தும் புயற்காற்று வரும் என்று மாலுமிகள் அறிந்துகொள்வார்கள். அவ்வாண்டு ஆகஸ்ட் 1 அன்று, பொதுமக்களுக்கான அவருடைய முதல் வானிலைக் கணிப்பு டைம்ஸ் நாளிதழில் வெளிவந்தது.

கேள்வி: டார்வினின் பரிணாமக் கொள்கைக்கு வழிவகுத்துவிட்டோமே என்ற வருத்தத்தில்தான் அவர் தற்கொலை செய்துகொண்டார் என்கிறார்களே?

பதில்: ஆழ்ந்த மதப்பற்றுள்ள அவருக்கு அந்த வருத்தம் இருந்தது, 1860இல் அக்கொள்கை விவாதிக்கப்பட்ட ஆக்ஸ்ஃபோர்டு கூட்டத்தில் பைபிளை ஏந்தி எதிர்ப்பைத் தெரிவித்தார். ஆயினும் 1865 ஏப்ரல் 30 அன்று அவர் உயிர்நீத்ததற்கு அதை மட்டும் காரணமாக்குவது பொருந்தாது. உடல்நலக் குறைவு, பொதுப்பணிக்காகச் சொந்தச் செல்வத்தைச் செலவிட்டதால் வந்த பண நெருக்கடி, கணிப்புகள் பொய்த்தபோதெல்லாம் எழுந்த கண்டனம் எனப் பல சுமைகள் அவரை அழுத்தின. அவர் மறைந்த மறு ஆண்டில், போதிய அறிவியல் அடிப்படை இல்லை என்று சொல்லிப் புயல் எச்சரிக்கைகளை நிறுத்தினார்கள். கடலை நம்பி வாழ்ந்தவர்களின் எதிர்ப்பால் 1867இலேயே அவற்றை மீண்டும் தொடங்க வேண்டியதாயிற்று.