முகம் பார்க்கும் கண்ணாடிக்குப் பழைய தோற்றம் தர பிளீச் ஊற்றியும் பலிக்கவில்லையா?

பின்பக்கப் பெயிண்டை முதலில் எடுங்கள். ஒரு மணி நேரம் பிளீச் ஊற்றி வைத்தும் ஒரு புள்ளிகூட விழவில்லை என்றால், அது வெள்ளிப் பூச்சைத் தொடவே இல்லை. வெள்ளிக்கு மேல் சில கண்ணாடிகளில் செம்பு, அதற்கும் மேல் பெயிண்ட் இருக்கும்.

ஒரு மூலையில் மட்டும் பெயிண்ட் ரிமூவர் தடவிப் பாருங்கள். பெயிண்ட் தோல்போலச் சுருங்கி எழும்பும். பிளாஸ்டிக் கரண்டியால் மெதுவாக வழியுங்கள். இரும்பு பட்டால் கீறல் முன்பக்கம் தெரியும். செம்பு நிறமோ வெள்ளிப் பளபளப்போ தெரிந்தால் சரி.

அப்புறம் பிளீச்சைத் தெளியுங்கள், ஓரங்களில் கொஞ்சம் அதிகமாக. பழைய கண்ணாடி ஈரம் ஏறி ஓரத்திலிருந்துதான் கறுக்கும். கறை பிடித்த உடனே கழுவிவிடுங்கள், விட்டால் வெள்ளி மொத்தமும் போய்விடும்.

பொறுமை இழந்து பிளீச்சோடு ஆசிட் மட்டும் சேர்த்துவிடாதீர்கள். குளோரின் வாயு கிளம்பும், உயிருக்கே ஆபத்து. கையுறை போட்டு மொட்டைமாடியில் செய்யுங்கள்.