பால் கணக்கும் புள்ளிக் கோலமும்

கேள்வி: குழாயில் தண்ணீர் வந்த நாள், பால் கணக்கு, சிலிண்டர் மாற்றிய தேதி எல்லாவற்றையும் காலண்டரில் குறித்து வைப்பேன். இதையெல்லாம் அழகான படமாக்கலாம் என்கிறாள் மகள். எனக்குக் கம்ப்யூட்டர் தெரியாது. கோலம் நன்றாகப் போடுவேன். முடியுமா ஐயா?
– வாசகி, குடியாத்தம்

பதில்: தாராளமாக முடியும் அம்மா. கோலம் வரும் கைக்கு இது சுலபம். ஆனால் மூன்று கணக்கையும் ஒரே தாளில் திணிக்காதீர்கள். வேலூரில் நோட்டீஸ் டிசைன் போடும் எனக்கு இந்தத் தொல்லை நன்றாகத் தெரியும். எல்லாம் வேண்டும் என்றால் எதுவும் கண்ணில் படாது.

முதலில் தண்ணீரை மட்டும் எடுங்கள். நாளுக்கு ஒரு புள்ளி, வாரத்துக்கு ஒரு வரிசை. தண்ணீர் வந்த நாளின் புள்ளியைச் சுற்றிச் சுழி போடுங்கள். பகலில் வந்தால் மஞ்சள், ராத்திரி தூக்கம் கெடுத்து வந்தால் நீலம். பிடித்த குடத்துக்கு ஒன்றாக இதழ் வையுங்கள். வராத நாள் வெறும் புள்ளியாகவே இருக்கட்டும். சித்திரை, வைகாசியில் அந்த வெறும் புள்ளிகள் எங்கே கூட்டமாக நிற்கின்றன என்று பாருங்கள்.

இரண்டு மடங்கு தண்ணீர் என்பதற்காகக் குடத்தை இரண்டு மடங்கு உயரமாக வரைந்துவிடாதீர்கள். அகலமும் கூடவே இரண்டு மடங்காகும். தாளில் நான்கு மடங்கு இடம் பிடித்துப் பொய் சொல்லும். 1925-ல் வியன்னாவில் மக்களுக்காகப் புள்ளிவிவர அருங்காட்சியகம் தொடங்கிய ஓட்டோ நியூராத் இதில் கண்டிப்பானவர்: அளவு கூடினால் அதே அளவுப் படத்தை இன்னும் சில தடவை போடு, பெரிதாக்காதே என்பார்.

குறி பொருளைப் போலவே இருந்தால் விளையாட்டு தானாக வந்துவிடும். காட்பாடியிலிருந்து பாகாயம் போகும் டவுன் பஸ்ஸில் என் பயணத்தை அப்படித்தான் வரைகிறேன். நின்றுகொண்டு போனால் நெட்டுக்கோடு, உட்கார்ந்தால் மடங்கிய கோடு. திங்கட்கிழமை வரிசை முழுக்க நெட்டுக்கோடுதான்!

நியூயார்க்கில் ஜார்ஜியா லூப்பி, லண்டனில் ஸ்டெஃபனி போசாவெக் என்று இரண்டு டிசைனர்கள். ஓராண்டு முழுக்க வாரம் ஒரு விஷயத்தைக் கணக்கெடுத்துக் கையால் வரைந்து தபால் அட்டையில் அனுப்பிக்கொண்டார்கள். கடிகாரம் பார்த்தது, குறை சொன்னது என்று சாதாரண விஷயங்கள்தான். அட்டையின் ஒரு பக்கம் படம்; எந்தக் குறி எதற்கு என்ற விளக்கம் மறுபக்கம். நீங்களும் ஓரத்தில் அதை எழுதிவிடுங்கள், இல்லாவிட்டால் ஆறு மாதத்தில் உங்களுக்கே புரியாது.

கேள்வி: பள்ளியில் வட்ட விளக்கப்படம் கற்றோம். அது போதாதா?
– மாணவர், ஆம்பூர்

பதில்: 1801-ல் வில்லியம் பிளேஃபேர் அச்சிட்ட வடிவம் அது. மாதச் சம்பளத்தில் வாடகை எவ்வளவு, மளிகை எவ்வளவு என்று மூன்று நான்கு பங்கைக் காட்ட நல்லது. எந்த நாளுக்குப் பின் எந்த நாள் என்பதை மட்டும் அது காட்டாது தம்பி. அதற்குப் புள்ளி வரிசைக்கே வாருங்கள்.