துமூரியே: வென்ற தளபதி ஏன் எதிரியிடமே ஓடினார்?

பிரெஞ்சுப் புரட்சிப் படையின் தொடக்ககால நட்சத்திரத் தளபதி துமூரியே. 1792 செப்டம்பர் 20 அன்று பிரான்சின் வால்மியில், ஜெர்மானிய அரசான பிரஷ்யாவின் படை முன்னேறுவது நின்றது. நவம்பர் 6 அன்று ஜெமாப்பில் ஆஸ்திரியர்களை முறியடித்து பெல்ஜியத்தைப் பிடித்தார்.

சரிவும் அங்கேயே தொடங்கியது. ஒரு போர்க்காலத்துக்கென்று சேர்ந்த தன்னார்வலர்கள் குளிர்காலத்தில் ஊர் திரும்ப, படை மெலிந்தது. அறுவடை முடிந்து ஆட்கள் கிளம்பிய பிறகு பக்கத்து வயலையும் குத்தகைக்கு எடுப்பதுபோல, அவர் ஹாலந்துக்குள் நுழைந்தார். 1793 மார்ச் 18, பெல்ஜியத்தின் நேர்விண்டனில் ஆஸ்திரியர்களிடம் தோல்வி.

பிறகு எதிரியோடு ரகசியமாகப் பேசினார். விசாரிக்க வந்த போர் அமைச்சரையும் புரட்சி அரசின் சட்டமன்றமான தேசிய மன்றத்தின் பிரதிநிதிகள் நால்வரையும் கைதுசெய்து ஆஸ்திரியர்களிடம் ஒப்படைத்தார். பாரிஸ் மீது படை நடத்தப் பார்த்தார்; வீரர்கள் மறுத்துவிட்டார்கள். கணக்குத் தப்பியது இங்கேதான். ஏப்ரல் 5 அன்று ஆஸ்திரியர்களிடம் தஞ்சம்.

அவர் தலையும் கில்லட்டினில் போனது என்று நினைப்பவர்கள் உண்டு. இல்லை, 1823இல் இங்கிலாந்தில்தான் இறந்தார்.