போல்ட் தாங்கும், துளை தாங்குமா?

அன்புள்ள ஐயா,

விமான இறக்கையின் போல்ட் இணைப்புகள் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்தேன். ஒரு சந்தேகம். முறுக்க முறுக்க போல்ட்டில் இழுவிசை ஏறத்தானே செய்யும்? அப்படியென்றால் இறுக்கமான போல்ட்தானே சீக்கிரம் களைத்து உடைய வேண்டும்? கொஞ்சம் லூசாக விட்டால் என்ன?

க.

அன்புள்ள க.,

லூசாக மட்டும் விட்டுவிடாதீர்கள்!

ஏறும் இழுவிசையும் கணக்கில் வரும்தான். ஆனால் உலோகத்தை அதைவிட அதிகம் களைக்க வைப்பது, அதாவது மெல்ல மெல்ல விரிசல் விட வைப்பது, விசையின் ஏற்ற இறக்கம். இறுக்கிய போல்ட் தகடுகளைச் சேர்த்து அழுத்துவதால் சுமையில் ஒரு பங்கு உராய்வு வழியாகவே கடந்துவிடும். போல்ட்டுக்கு வரும் ஏற்ற இறக்கம் குறையும். லூசான போல்ட்டோ ஒவ்வொரு முறையும் துளைச் சுவரில் போய் இடிக்கும்.

நான் அதிகம் பயப்படுவது அந்தத் துளைக்குத்தான். அகலமான தகட்டில் வட்டத் துளை போட்டு இழுத்தால் அதன் விளிம்பில் தகைவு, அதாவது ஒரு சதுர அளவுக்கு வரும் விசை, 3 மடங்காகும். கிர்ஷ் என்ற ஜெர்மன் பொறியாளர் 1898இலேயே கணக்குப் போட்டுக் காட்டிவிட்டார். போல்ட் தள்ளும் விசையும் சேர்ந்தால் இன்னும் மோசம். பறக்கும்போது இறக்கை மேல்நோக்கி வளைவதால் அடிப்பக்கம் இழுபடுகிறது, தரையிறங்கியதும் தளர்கிறது. நடுவில் காற்றின் உலுக்கல் வேறு.

2018 ஏப்ரலில் அமெரிக்காவின் டேடோனா பீச்சில் ஒரு பைப்பர் பயிற்சி விமானத்தின் இடது இறக்கை பறக்கும்போதே பிய்ந்து, இருவர் இறந்தார்கள். இறக்கையின் முதுகெலும்பு போன்ற நீள உத்தரமான பிரதான ஸ்பாரின் கீழ்ப்பகுதியில், ஒரு போல்ட் துளையிலிருந்து களைப்பு விரிசல் வளர்ந்திருந்தது. அந்த விமானம் பறந்திருந்தது சுமார் 7,690 மணி நேரம். பிறகு அதே வகை விமானங்கள் பலவற்றில் அந்தத் துளைகளை எடி கரண்ட் முறையில் (உலோகத்தில் சுழல் மின்னோட்டத்தைத் தூண்டி விரிசலைக் கண்டுபிடிக்கும் முறை) சோதிக்க உத்தரவு வந்தது. போல்ட்டைக் கழற்றாமல் அந்த விரிசலைப் பார்க்க வழியில்லை.

சரி, நன்றாக முறுக்கிவிட்டால் போதுமா? டார்க் ரெஞ்ச் காட்டும் முறுக்குவிசையில் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்குதான் போல்ட்டின் இழுவிசையாக மாறுகிறது. மற்றதெல்லாம் தலையடியிலும் மரையிலும் உராய்வாகப் போய்விடும். எண்ணெய்ப் பசை கொஞ்சம் கூடினாலோ குறைந்தாலோ பிடிப்பு மாறிவிடும். அதனால் இறுக்கத்தை மட்டும் நம்பாமல், துளையைவிடச் சற்றுப் பருத்த உலோகக் கம்பியை அதன் வழியே இழுத்துத் துளையை விரிக்கிறார்கள். விரிந்த இடத்தைச் சுற்றியுள்ள உலோகம் திரும்ப நெருக்கும். அந்த அழுத்தத்தில் விரிசல் எளிதில் வாய் திறக்காது. எடை ஒரு கிராம்கூட ஏறாது என்பதால் விமானக்காரர்களுக்கு இது ரொம்பப் பிடிக்கும்.