முன்னாடி வெளிச்சம், பின்னாடி இருட்டு: பிக்கப் விளக்குக் கேள்விகள்

மழையில வால்பாறை ஏறும்போது முன்னாடி வெள்ளை லைட் தானாவே எரியுதுங்க. ஹெட்லைட்டும் போடணுமா? (பொள்ளாச்சி)

போட்டே ஆகணுங்க. அந்த வெள்ளைக் கோடு டிஆர்எல், பகல் விளக்கு. எதிர்ல வர்றவருக்கு நீங்க தெரியறதுக்குத்தான் அது. நிறைய வண்டியில அது எரியறப்ப பின் லைட் எரியாது. டேஷ்போர்டும் பளிச்சுனு இருக்கறதால எல்லாம் எரியுதுன்னு நினைச்சுக்குவோம். வண்டியை ஓரமா நிறுத்தி, இன்ஜின் ஓடிட்டிருக்கும்போதே ஹேண்ட்பிரேக்கைப் போட்டு இறங்கி, பின்னாடி ஒருதடவை போய்ப் பாருங்க.

சுவிட்ச் ஆட்டோவுல இருந்தாலும் நம்பாதீங்க. சென்சாருக்கு வெளிச்சம்தான் கணக்கு. பனி வெள்ளையா இருக்கும், அது பகல்னு சும்மா இருந்துக்கும். ஆழியாறு தாண்டி 40 கொண்டை ஊசி இருக்குதுங்க, உங்க பின்னாடி பஸ் வரும். கையாலயே லோ பீம் போடுங்க. ஹை பீம் போட்டா பனியில பட்டு உங்க கண்ணுக்கே திரும்பும்.

பட்டப்பகல்ல ஹெட்லைட் எரியுது. சென்சார் போயிருச்சா? (பெருந்துறை)

முதல்ல டேஷ்போர்டு மேல பாருங்க. முன் கண்ணாடி ஓரமா சட்டைப் பொத்தானாட்ட ஒரு கறுப்புக் குமிழ் இருக்கும், அதுதான் சென்சார். சில வண்டியில கண்ணாடியிலயே மேல, நடுக்கண்ணாடி பக்கத்துல இருக்கும். எங்கிட்ட வந்த ஒரு வண்டியில அந்தக் குமிழ் மேல ஈரத் துண்டு காயப் போட்டிருந்தாங்க! எடுத்ததும் சரியாப் போச்சு. புளியமர நிழல்ல, பாலத்துக்கடியில போறப்ப எரிஞ்சு கொஞ்சம் பொறுத்து அணைஞ்சா அது பழுதில்லைங்க.

இண்டிகேட்டர் போட்டா அந்தப் பக்க டிஆர்எல் அணையுது. (காங்கேயம்)

மஞ்சள் லைட் எடுப்பாத் தெரியட்டும்னு அப்படித்தான் வெச்சிருக்காங்க. விட்டுருங்க.

மஞ்சள் மூட்டை ஏத்தினா எதிர்ல வர்றவங்க எல்லாம் டிம் பண்ணச் சொல்றாங்க. நான் லோ பீம்லதான் போறேன். (ஈரோடு)

பின்னாடி பாரம் அமுக்க, முன்மூக்கு தூக்கிக்கும். ஸ்டியரிங் பக்கத்துல 0, 1, 2, 3 போட்ட திருகு இருக்குதான்னு பாருங்க. பாரம் ஏற ஏற நம்பரைக் கூட்டணும், இறக்கினதும் 0. பாதிப்பேர் அதைத் தொட்டதே இல்லை. ஹாலஜன் கூட்டுக்குள்ள எல்இடி பல்பு மாட்டியிருந்தா மறுபடி 60/55 வாட் ஹெச்4 பல்பையே போடுங்க. கூடு அந்த ஹாலஜன் பல்போட இழைக்குன்னு செஞ்சது, வேற பல்பு போட்டா வெளிச்சம் சிதறி அடுத்தவர் கண்ணுலதான் அடிக்கும்.

பைக்குல லைட்டை அணைக்கவே முடியலையே, பிக்கப்புல மட்டும் எப்படி? (கோபி)

இன்ஜின் ஓடினா ஹெட்லைட் எரிஞ்சுட்டே இருக்கணும்னு 2017 ஏப்ரல்ல வந்த விதி டூவீலருக்கு மட்டும்தாங்க.