புளோரஸ் மலைக்குப் போகிறேன் என்று நிற்கும் மகன்: ஓர் அம்மாவுக்குப் பதில்

அன்புள்ள அம்மா,

உங்கள் கடிதத்தை இரண்டு முறை படித்தேன். பி.எஸ்ஸி. விவசாயம் முடிக்கப்போகும் தம்பி, வேலைக்கு விண்ணப்பம் போடாமல், இந்தோனேசியாவின் புளோரஸ் தீவில் வாயே ரெபோ மாதிரி ஒரு மலைக் கிராமத்தில் தங்கிக் காப்பி பயிரிடப் போகிறேன் என்கிறான். "இத்தனை வருஷம் படிக்க வைத்தது வீணா சார்?" என்று கேட்டிருக்கிறீர்கள். வீண் இல்லை அம்மா. ஆனால் அவன் மனதில் இருப்பது காணொளியில் பார்த்த ஊர். நான் அங்கே மூன்று நாள் தங்கியிருக்கிறேன். முதலில் அந்த ஊரைச் சொல்லிவிடுகிறேன்.

அடிவாரத்தில் தெங்கே என்ற கிராமம் வரைதான் சாலை என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் காட்டுப்பாதையில் இரண்டு மூன்று மணி நேரம் ஏற வேண்டும். உயரம் சுமார் 1,100 மீட்டர். மேலே போனால் புல்வெளியைச் சுற்றி ஏழு கூம்பு வீடுகள். கூரை கிட்டத்தட்டத் தரையைத் தொடும். ஒரே கூரையின் கீழ் பல குடும்பங்கள் இருக்கும். வீட்டுக்குள் ஐந்து அடுக்கு. கீழே ஆட்கள், அதன்மேல் சாமான்கள், அதற்கும் மேல் விதை, நான்காவதில் விளைச்சல் பொய்த்தால் எடுத்துச் சாப்பிடச் சேமிப்பு, உச்சியில் முன்னோருக்குப் படையல். விதைக்கு ஓர் அடுக்கு, பஞ்சத்துக்கு ஓர் அடுக்கு என்று வீட்டைக் கட்டும்போதே ஒதுக்கிவைக்கிறார்கள் என்றால், அங்கே விவசாயத்தை நம்பி வாழ்வது எப்படிப்பட்டது என்று உங்களுக்கே புரியும். அந்த வீடுகளைப் புதுப்பித்துக் கட்டியதற்கு 2012ல் யுனெஸ்கோவின் ஆசிய-பசிபிக் விருது கிடைத்தது. இப்போது காப்பியோடு சுற்றுலாப் பயணிகள் தரும் பணமும் ஒரு வருமானம்.

நான் இறங்கி வந்த காலையில், பாதை வளைவில் ஒரு பெண் மூட்டையை இறக்கிவைத்துவிட்டு உட்கார்ந்திருந்தார். மூட்டையில் காப்பிக்கொட்டை. வாயை அவிழ்த்து ஒரு பிடி எடுத்துக் கொடுத்தார். கையில் வாங்கினால் இன்னும் ஈரம். மழை விடவில்லை, காயவில்லை, ஆனாலும் விற்றாக வேண்டும் என்றார். வழிகாட்டி மொழிபெயர்த்துச் சொன்னார். அந்தப் பெண்ணின் பிள்ளைகள் மலைக்குக் கீழே தங்கிப் படிக்கிறார்கள். மேலே பள்ளிக்கூடம் இல்லாததால் பல குடும்பங்களுக்குக் கீழே கோம்போ என்ற ஊரில் இன்னொரு வீடு உண்டு. பிள்ளைகளுக்குப் பணம் வேண்டும், அதனால் ஈரக்கொட்டையைக் குறைந்த விலைக்குத் தள்ளிவிடப் போகிறார். பிள்ளை படித்து வெளியே போய்விட வேண்டும் என்பதுதான் அவருடைய ஆசையும். உங்கள் மகன் எந்த ஊருக்குப் போகத் துடிக்கிறானோ, அந்த ஊர் அம்மா தன் பிள்ளையை அங்கிருந்து அனுப்பத் துடிக்கிறார். இதைத் தம்பியிடம் கட்டாயம் சொல்லுங்கள்.

அங்கே இளைஞர்கள் ஊரைவிட்டுப் பிழைக்கப் போவதற்கு ‘மெரந்தாவ்’ என்று பெயர். புளோரஸின் சுற்றுலா நகரமான லாபுவான் பாஜோவின் ஓட்டல்கள், பாலி, கலிமந்தான், மலேசியாவின் எண்ணெய்ப்பனைத் தோட்டங்கள் என்று போகிறார்கள். காப்பி வருஷத்துக்கு ஒரு தடவைதான் காசு தரும். நடுவில் செலவு வந்தால், மரத்தில் காய் பச்சையாக இருக்கும்போதே வியாபாரியிடம் விலைபேசிப் பணம் வாங்கிவிடுவார்கள். இதை ‘இஜோன்’ என்பார்கள். அறுவடை வந்தபின் சந்தை விலை ஏறினாலும் அவர்களுக்குப் பயனில்லை.

அடுத்தது, நிலம். நிலம் வாங்கி அங்கேயே இருந்துவிடலாம் என்று தம்பி நினைத்திருந்தால் அந்த எண்ணத்தை இன்றே விட்டுவிடட்டும். 1960ஆம் ஆண்டின் நிலச் சட்டப்படி வெளிநாட்டவர் அங்கே முழு உரிமையோடு நிலம் வைத்துக்கொள்ள முடியாது. அந்தப் பகுதியில் வாழும் மங்காராய் மக்களிடம் நிலத்தைப் பங்கிடவும் பழைய முறை ஒன்று உண்டு. ஊர்ப் பொது நிலத்தின் நடுவில் ஒரு புள்ளி வைத்து, சிலந்திவலை போல ஆப்பு ஆப்பாகப் பிரிப்பார்கள். ‘துவா தேனோ’ என்ற நிலப் பெரியவர், நடுப்புள்ளியில் விரலை வைத்து அளந்து, இந்தக் குடும்பத்துக்கு இத்தனை விரல் என்று பங்கு கொடுப்பார். சன்ச்சார் ஊர் வயல்களை மேலிருந்து பார்த்தால் அந்த வலை அப்படியே தெரியும். அந்த விரல் கணக்கில் வெளியூர்க்காரன் எங்கே வருவான் சொல்லுங்கள்.

விசாவிலும் கவனம் வேண்டும். போய் இறங்கியதும் வாங்கும் சுற்றுலா விசா 30 நாள், இன்னொரு 30 நாள் நீட்டிக்கலாம், அவ்வளவுதான். அதை வைத்துக்கொண்டு தோட்டத்தில் வேலை செய்யக் கூடாது. "சம்பளம் இல்லாமல் தொண்டு செய்கிறேன்" என்று போய் மாட்டிக்கொள்ளவும் கூடாது.

சரி, அப்படியானால் போகவே கூடாதா? போகலாம். மாணவனாகப் போகட்டும், விவசாயியாக வேண்டாம். என் முடிவான கருத்து இதுதான்.

முதல் படி மொழி. இந்தோனேசிய அரசு வெளிநாட்டு மாணவர்களுக்கு 1974 முதல் நடத்திவரும் தர்மசிஸ்வா திட்டத்தில் மொழியும் கலையும் கற்கலாம். பட்டம் கிடைக்காது, உதவித்தொகை உண்டு. இந்த ஆண்டு அறிவிப்பு வந்திருக்கிறதா என்று தூதரகத் தளத்தில் பார்க்கச் சொல்லுங்கள். மொழியை நினைத்துப் பயப்பட வேண்டாம். ரோமன் எழுத்து, காலத்துக்கேற்ப மாறாத வினைச்சொற்கள். கடைக்கு ‘கெடாய்’, கப்பலுக்கு ‘கபல்’, பெட்டிக்கு ‘பெத்தி’, குளத்துக்கு ‘கோலம்’ என்பார்கள். நம் வணிகர்கள் விட்டுவந்த சொற்கள் அவை.

அப்புறம் முதுகலை. போகோர் வேளாண் பல்கலைக்கழகம், யோக்யகர்த்தாவின் கஜா மதா, கூபாங்கின் நுசா சென்டனா ஆகியவற்றைப் பார்க்கலாம். அங்கே கல்லூரி மாணவர்கள் கிராமத்தில் ஒன்றிரண்டு மாதம் தங்கி வேலை செய்யும் ‘கேகேஎன்’ என்ற ஏற்பாடு உண்டு. வெளிநாட்டு மாணவரைச் சேர்ப்பார்களா என்று பல்கலைக்கழகத்தில் கேட்டுக்கொள்ள வேண்டும். கிராமத்துக்குள் நுழைய அதுதான் நேர்வழி. பல்கலைக்கழகத்தின் பெயரில் போகிறவனுக்கு ஊர்த்தலைவர் ஓர் இடம் ஒதுக்குவார், கேள்விகளுக்குப் பதிலும் கிடைக்கும்.

போனவன் ஒரே ஒரு விஷயத்தை முழுசாகக் கற்றுக்கொண்டு வரட்டும். என்னைக் கேட்டால் அந்த ஈரக்கொட்டையைச் சொல்வேன். பழம் பறிப்பதிலிருந்து காயவைப்பது, தரம் பிரிப்பது, ருசி பார்ப்பது வரை. இதைத் தெரிந்தவனுக்கு ஏற்றுமதி நிறுவனங்களிலும், தரச்சான்று தணிக்கையிலும், விவசாயிகள் கூட்டுறவுகளிலும் வேலை இருக்கிறது. திரும்பி வந்தால் பெங்களூரில் காப்பி வாரியம் நடத்தும் காப்பித் தர மேலாண்மைப் பட்டயம் படிக்கலாம். ஏற்காடு, பழனிமலைத் தோட்டங்களிலும் மழைக்காலத்தில் கொட்டை காயவைப்பது இதே பாடுதான்.

உடம்பைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். புளோரஸில் வெறிநாய்க்கடி 1990களின் இறுதியிலிருந்து தீராத பிரச்சினை. கிளம்பும் முன்பே அதற்குத் தடுப்பூசி போட்டுவிடுங்கள். மலேரியாவுக்கு என்ன மருந்து என்று டாக்டரிடம் கேளுங்கள். நவம்பர் முதல் மார்ச் வரை மழையில் மண் சரிந்து சாலை அடைபடும், அலைபேசியும் பல இடங்களில் எடுக்காது. இரண்டு நாள் அவனிடமிருந்து தகவல் வராவிட்டால் பதற வேண்டாம்.

இன்னொன்று அம்மா. "நீ போகவே கூடாது" என்று மட்டும் சொல்லாதீர்கள். எவ்வளவு பணம், எத்தனை மாதம், எந்தத் தேதியில் திரும்புவாய் என்று மூன்று கேள்வி கேளுங்கள். பதிலை அவன் கையாலேயே எழுதித் தரட்டும். பரீட்சை முடிந்ததும் அந்தத் தாளோடு என்னை வந்து பார்க்கச் சொல்லுங்கள். வருவதற்குள் இந்தோனேசிய மொழியில் தன்னைப் பற்றிப் பத்து வாக்கியம் பேசப் பழகியிருக்கட்டும், நான் கேட்பேன்.